செந்நீர் முதல் செங்குழியம் வரை: தமிழில் குருதிச் சொற்கள் வளர்ந்த வரலாறு

குருதிக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இருந்ததே இல்லை. நிகண்டுகளைப் புரட்டினால் நெய்த்தோர், எருவை, சோரி, உதிரம், கறை, இரத்தம், புண்ணீர், செந்நீர் என்று ஒரே பொருளுக்குப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பஞ்சம் இருந்தது வேறிடத்தில். குருதிக்குள் என்னென்ன மிதக்கின்றன, அது எந்த வழியே போய் எந்த வழியே திரும்புகிறது, எது குறைந்தால் உடல் வெளுக்கிறது, ஒருவர் குருதி இன்னொருவருக்கு ஏன் ஒத்துப்போவதில்லை என்பவற்றைச் சொல்ல 19ஆம் நூற்றாண்டு வரை தமிழில் தனிச்சொற்கள் இல்லை. ஐரோப்பிய மொழிகளுக்கும் இவை பழைய சொத்து அல்ல. நுண்ணோக்கியும் சோதனைக்கூடமும் வந்த பிறகே அங்கும் பிறந்தன.

அந்தப் புதிய சொற்கள் தமிழுக்கு வந்த வழியையும், அவற்றில் எவை தங்கின, எவை ஏட்டோடு நின்றன என்பதையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது. சொற்களை ஆக்கியவர்கள் மருத்துவர்களும் அறிஞர் குழுக்களும். அவற்றுக்கு ஆயுள் தந்தவை பள்ளி வகுப்பறையும் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவும். இந்த இரண்டு இடங்களும் வெவ்வேறு தமிழைப் பேசத் தொடங்கியதில்தான் சிக்கல் முளைத்தது என்பது என் கருத்து.

பழைய வழக்கிலிருந்து தொடங்குவோம். சங்கப் பாடல்களில் குருதி பெரும்பாலும் போர்க்களத்திலும் முருகன் வழிபாட்டிலும் வருகிறது. குறுந்தொகையின் முதற்பாட்டு காந்தட்பூவையே குருதி நிறத்தால்தான் அடையாளம் காட்டுகிறது. அங்கே குருதி கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. காயத்திலிருந்து வெளியே வருவது. உடலுக்குள் இருக்கும் குருதியைப் பற்றிப் பேசியவர்கள் மருத்துவர்கள். சித்த மருத்துவம் உடலை ஏழு உடற்கட்டுகளாகப் பிரிக்கிறது: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம். உண்ட உணவு சாரமாகி, சாரம் செந்நீராகி, செந்நீர் ஊனாகிறது. ஒன்று அடுத்ததற்கு ஊட்டம் தருகிறது என்பது அடிப்படை. செந்நீர் இங்கே ஒரு படிநிலை. மிகுந்தால் ஒரு குறிகுணம், குறைந்தால் வேறொரு குறிகுணம். புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டில் குருதி வாங்கலும் அட்டை விடலும் இடம்பெறுகின்றன. ஆக, குருதியை அளவாலும் தன்மையாலும் பார்க்கும் பார்வை தமிழ் மருத்துவத்தில் திடமாகவே இருந்தது. அதன் உறுப்புகளைத் தனித்தனியே பிரித்துக் காணும் கருவி மட்டும் இல்லை.

இந்த மரபு விட்டுச்சென்ற சொற்களில் இரண்டு பின்னால் பெரிய வேலை செய்தன. பெரிய குழப்பமும் செய்தன. ஒன்று நாடி. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று வைத்தியர் உணர்ந்ததற்குப் பெயர் நாடி. அது குழாயா, குழாயின் துடிப்பா, துடிப்புச் சொல்லும் செய்தியா என்று அந்த மரபு பிரித்துக்கொண்டிருக்கவில்லை. பிரிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. மற்றொன்று நரம்பு. தசைநாண், குருதிக் குழாய், உணர்ச்சி கடத்தும் இழை மூன்றும் பேச்சுத் தமிழில் நரம்புதான்.

ஐரோப்பாவில் குருதியைப் பற்றிய பேச்சு மாறியது 1628இல். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் குருதியை மிகக் குறைத்து மதிப்பிட்டு, அரைமணி நேரத்துத் துடிப்புகளால் பெருக்கினாலும், வரும் தொகை உடலில் உள்ள மொத்தக் குருதியையே மிஞ்சிவிடுகிறது. உண்ட உணவிலிருந்து கல்லீரல் இவ்வளவையும் புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்க முடியாது. எனவே அதே குருதிதான் சுற்றிச் சுற்றி வருகிறது. குருதி போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் நடுவே பாலம் எங்கே என்று ஹார்வியால் காட்ட முடியவில்லை. 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து அந்த மயிரிழைக் குழாய்களைக் கண்டார். 1674இல் லேவன்ஹூக் தம் கையால் தேய்த்த வில்லைகள் வழியே சிவப்புத் துகள்களை விவரித்தார். உயிர்கள் யாவும் செல்களால் ஆனவை என்ற கொள்கை 1839இல்தான் உருப்பெற்றது. அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றைத் துகள்களாகவே கண்டார்கள்; ஆங்கிலத்தில் அவற்றுக்குக் கார்ப்பசல், அதாவது சிற்றுடல் என்ற பெயர் நிலைத்தது. இந்தக் கால இடைவெளி தமிழ்ச் சொற்களிலும் தடம் பதித்திருக்கிறது. அதைப் பின்னால் காண்போம்.

இந்தப் புதிய உடலியல் தமிழுக்குள் நுழைந்த முதல் பெரிய வாசல் யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் அங்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் நிலைகொண்டு மருத்துவம் பார்த்தார். மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விடுகிறார்கள், ஊருக்குள் தங்குவதில்லை என்பதைக் கண்ட அவர், 1864 முதல் முழுக்கத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் ஹோப்பே-ஸைலர் குருதியின் சிவப்புப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர் சூட்டினார். மேற்கிலேயே சொற்கள் பிறந்துகொண்டிருந்த காலத்தில் மானிப்பாயில் அவற்றுக்கு ஈடு தேடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை.

கிரீனின் நூல் வரிசையைப் பார்த்தால் அந்தப் பணியின் அகலம் புரியும். கால்வின் கட்டரின் உடற்கூற்று நூல் 1852இல் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்ற பெயரில் வந்தது. 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் கிரேயின் உடற்கூற்றியலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம், 1875இல் கெமிஸ்தம், 1883இல் டால்ட்டனின் உடலியலைத் தழுவிய மனுஷ சுகரணம். கிரேயின் மூலநூல் லண்டனில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழ் மாணவர் கைக்கு வந்துவிட்டது. 1873இல் தாயகம் திரும்பிய பிறகும் மாசசூசெட்ஸில் இருந்தபடியே மொழிபெயர்ப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884இல் இறக்கும்வரை அந்த வேலை ஓயவில்லை. அவர் கல்லறையில் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார்கள். இந்த நூல்களின் பெரும்பகுதியை ஆக்கியவர்கள் அவரிடம் படித்த யாழ்ப்பாணத்துத் தமிழ் மருத்துவர்களே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

சொல்லாக்கத்தில் கிரீன் வகுத்துக்கொண்ட முறை எளிது: முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடு, அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு வளைத்து எடுத்துக்கொள். மேலே சொன்ன தலைப்புகளிலேயே இந்த முறையின் தடம் தெரிகிறது. அங்காதிபாதம் என்பது தலை முதல் கால் வரை வருணிக்கும் மரபை நினைவூட்டும் சொல். உடற்கூற்றுக்கு அதைப் பொருத்தியது நுட்பமான தேர்வு. சுகரணம் முழு வடமொழி. கெமிஸ்தம் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால். நோயாளியிடம் பேசப்போகிறவருக்கான நூல் என்பதால், புழக்கத்தில் உள்ள சொல்லை ஒதுக்கிவிட்டுத் தூய சொல்லைத் தேடும் அவசரம் அவருக்கு இல்லை. பின்னாளில் வந்த குழுக்கள் பலவற்றிடம் இந்தப் பொறுமையைக் காண முடியவில்லை. ஆனால் கிரீன் போன பின் தமிழ்வழி மருத்துவப் பயிற்சி நீடிக்கவில்லை. நூல்கள் இருந்தன, படிக்க வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாத கலைச்சொல் வளர வழியில்லாமல் நின்றுபோனது.

அடுத்த அலை தமிழகத்தில் எழுந்தது. அது மருத்துவர்களிடமிருந்து வரவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கட சுப்பையரும் தமிழ் அறிவியல் சொற்களுக்கென ஒரு சங்கம் தொடங்கி இதழும் நடத்தினார்கள். 1934இல் அமைந்த சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் அந்த வேலையை விரிவாக எடுத்துக்கொண்டது. 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாடு கூட்டியது. 1938இல் கலைச்சொற்கள் என்ற தொகுப்பை வெளியிட்டது. மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அறிவியல் படித்து அறிவியல் கற்பித்த துறவி அவர். இயன்றவரை தமிழ் வேரிலிருந்தே சொல் கிளைக்க வேண்டும் என்பது அந்தத் தொகுப்பின் போக்கு. 1940இல் சென்னை அரசு வி. எஸ். சீனிவாச சாஸ்திரி தலைமையில் ஒரு குழு அமைத்தபோது போக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. வடமொழியும் பன்னாட்டுச் சொற்களுமே பொது என்ற வாதம் மேலெழுந்தது. தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

இந்த விவாதத்தை மொழியரசியலாக மட்டும் பார்ப்பது வழக்கம். குருதிச் சொற்களை வைத்துப் பார்க்கும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. இரு தரப்பும் சொல்லின் பிறப்பைப் பற்றியே வாதாடின. அந்தச் சொல்லை யார் யாரிடம் சொல்லப்போகிறார் என்ற கேள்வி யாருடைய வாதத்திலும் முன்னணிக்கு வரவில்லை. அதே ஆண்டுகளில் டி. வி. சாம்பசிவம் பிள்ளை தனியொருவராக உட்கார்ந்து, சித்த மருத்துவ ஏடுகளிலும் வைத்தியர் வழக்கிலும் கிடந்த சொற்களையெல்லாம் திரட்டி, 1931 முதல் தம் மருத்துவ அகராதியை வெளியிட்டுவந்தார். பாண்டு, சோகை, நாடி, செந்நீர் என்று ஏற்கெனவே உயிரோடிருந்த சொற்களின் களஞ்சியம் அது. குழுக்கள் அந்தக் களஞ்சியத்தை இன்னும் நிறையப் பயன்படுத்தியிருக்கலாம்.

இதன்பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. இலங்கையில் பள்ளிக் கல்வி தாய்மொழிக்கு மாறியபோது, 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகக் கலைச்சொல் தொகுதிகளை அச்சிட்டது. பாடநூல்கள் அவற்றை உறுதியாகப் பின்பற்றின. தமிழ்நாட்டிலோ பள்ளிப் பாடநூல்களில் தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கலந்தே வந்தன; பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்தன. இன்று இரு நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, இதயமும் குருதியும் பற்றிய பாடத்தைத் திறக்கச் சொன்னால், ஒருவர் புத்தகம் மற்றவருக்குப் பாதிதான் விளங்கும்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: நாளம். இலங்கைப் பாடநூலில் நாளம் என்றால் இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் மட்டும். இதயத்திலிருந்து கொண்டுபோவது நாடி. இரண்டுக்கும் பொதுப்பெயர் குருதிக்கலன். தமிழ்நாட்டில் கொண்டுபோவது தமனி, கொண்டுவருவது சிரை; இரண்டுக்கும் பொதுப்பெயர்தான் இரத்த நாளம். அதோடு விடவில்லை. சுரப்பிகளைப் பற்றிய பாடத்தில் நாளமில்லாச் சுரப்பி என்று வரும். அங்கே நாளம் என்பது சுரப்பு நீர் வடியும் குழாய். இலங்கையர் அதைக் கானில் சுரப்பி என்பார்கள், கான் இல்லாத சுரப்பி. ஒரே நாளம் மூன்று வேலை பார்க்கிறது. சொல்லுக்கு ஒரு பொருள், பொருளுக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கில் இலங்கைத் தொகுதி நன்றாகவே வென்றிருக்கிறது.

நாடி என்ற தேர்வும் எனக்குப் பிடித்தமானது. மணிக்கட்டில் வைத்தியர் விரல் வைத்த இடத்தில் இருப்பது கொண்டுபோகும் குழாய்தான். துடிப்பது அதுதான்; மற்றது துடிப்பதில்லை. பழைய சொல்லுக்கு அதன் இயல்பான இடத்தையே கொடுத்திருக்கிறார்கள். தமனி, சிரை இரண்டும் ஆயுர்வேத நூல்களின் வடசொற்கள். அவை தவறில்லை, ஆனால் எந்தத் தமிழ் நோயாளியின் அனுபவத்தையும் தொட்டு நிற்பவை அல்ல.

இதயத்தின் மேலறைக்கு இலங்கையர் வைத்த பெயர் சோணையறை. சோணை என்றால் காதுமடல். லத்தீனில் அந்த அறையைச் சிறுகாது என்றே அழைத்தார்கள். அறையோடு ஒட்டியிருக்கும் மடிப்பு நாய்க்காது போலத் தொங்குவதைக் கண்டு வைத்த பெயர் அது. மூலப் பெயரில் உள்ள காட்சி அப்படியே தமிழுக்கு வந்திருக்கிறது. மால்பிகி கண்ட நுண்குழாய்க்கு அங்கே மயிர்த்துளைக்குழாய். இதிலும் மூலத்தின் மயிர் இருக்கிறது. தமிழ்நாட்டின் தந்துகி நூலிழை என்ற பொருளுடைய வடசொல். அழகான சொல்தான், ஆனால் விளக்காமல் விளங்காது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நெடுங்காலம் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்றே எழுதிவந்தன.

தமிழ்நாட்டுச் சொற்களில் வரலாற்றுச் சுவடு மிகுந்தது அணு. இரத்தச் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு. இயற்பியல் வகுப்பில் அணு என்றால் பொருளின் அடிப்படைத் துகள். அடுத்த மணி உயிரியல் வகுப்பில் அதே அணு கோடிக்கணக்கான மூலக்கூறுகள் அடங்கிய உயிரணு. மாணவர் தடுமாறினால் அவரைக் குறை சொல்ல முடியாது. லேவன்ஹூக் காலத்தில் அது துகளாகத்தான் தெரிந்தது. ஆங்கிலம் அதைச் சிற்றுடல் என்றது. தமிழ் அந்தச் சிற்றுடலை அணுவாக்கியது. செல் கொள்கை வருமுன் இருந்த பார்வை தமிழ்ச் சொல்லுக்குள் தங்கிவிட்டது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இலங்கையில் செல்லுக்குக் கலம் என்று வைத்து, குருதியில் மிதப்பவற்றுக்குக் குழியம் என்று வேறு வைத்தார்கள்: செங்குழியம், வெண்குழியம். அணு இயற்பியலுக்கு மட்டும் உரியதாக நின்றது.

இவ்வளவு சொல்லிவிட்டு இலங்கைத் தொகுதியின் குறையையும் சொல்ல வேண்டும். பிளாஸ்மாவுக்குத் திரவவிழையம் என்று வைத்தார்கள். திரவ இழையம், அதாவது நீர்வடிவத் திசு. குருதி முழுவதையும் நீர்வடிவத் திசு என்று விளக்குவது உடலியலில் வழக்கம். அதன் நீர்ப்பகுதிக்கு மட்டும் அந்தப் பெயரைக் கொடுத்தது பொருந்தவில்லை. உச்சரிக்கவும் கடினம். சில சொற்கள் தேர்வுத்தாளுக்கு வெளியே ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை. ஹீமோகுளோபினில் ஹகரத்தை மட்டும் நீக்கி ஈமோகுளோபின் என்று எழுதியதை வைத்து இரு கரையிலும் நடந்த சண்டைகள் வீண் செலவு.

வட்டார வேறுபாட்டைவிட ஆழமான வேறுபாடு பாடநூலுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே இருக்கிறது. குருதி எடுக்கும் இடத்தில் நின்று கவனித்தால் போதும். செவிலியர் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டுகிறார், கையை மூடித் திறக்கச் சொல்கிறார், முழங்கை மடிப்பை இரு விரலால் தட்டிப் பார்க்கிறார், நரம்பு சிக்க மாட்டேங்குது என்கிறார். அவர் தேடுவது சிரை. சிரை என்ற சொல் அந்த அறையில் ஒருவர் வாயிலும் வராது. காலில் குழாய்கள் புடைத்து முறுக்கிக்கொண்டால் நரம்பு சுருட்டல் என்பதுதான் ஊர் வழக்கு; அதற்கு நரம்பு டாக்டரைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. மூளை நரம்பியல் மருத்துவர் அவர்களை அறுவை மருத்துவரிடம் அனுப்புவார். பழைய நரம்பின் அகன்ற பொருள் மக்கள் பேச்சில் அப்படியே இருக்கிறது; பாடநூல் அதைக் குறுக்கிவிட்டு, விடுபட்ட இடத்துக்கு மக்கள் வாயில் ஏறக்கூடிய சொல் எதையும் தரவில்லை. குருதிக் குழாய் என்று சொல்லியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

சோகையின் கதை இதைவிடக் கனமானது. சித்த மருத்துவத்தில் உடல் வெளுப்பதைப் பாண்டு என்றும், வெளுப்போடு உடல் ஊதுவதைச் சோகை என்றும் சொல்வார்கள். பசியின்மை, மேல்மூச்சு, முகமும் காலும் வீங்குதல் என்று குறிகுணங்கள் கண்ணால் கண்டு எழுதப்பட்டவை. அனீமியாவுக்கு ஈடாக அந்தச் சோகையை எடுத்து, முன்னால் இரத்தத்தைச் சேர்த்து, இரத்தசோகை ஆக்கினார்கள். இலங்கையில் குருதிச்சோகை. வாழ்ந்துகொண்டிருந்த சொல்லைப் புதிய பொருளுக்கு ஏற்றிவிட்டதால் இது தங்கியது. சுகாதாரத் துறைச் சுவரெழுத்தில், வானொலியில், பள்ளி நாடகத்தில் எல்லாம் இடம்பிடித்த கலைச்சொல் இது.

இந்த நோய் பற்றிய மருத்துவ அறிவில் தென்னிந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகைக் கொடிய சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கும் கோஷா மருத்துவமனையிலும் அவர் வேலை தொடர்ந்தது. மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறியதை 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பின்னால் தெரிந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது அதுவே.

ஆனால் நோயாளியின் நாக்கில் இருக்கும் சொல் சோகையும் அல்ல. தமிழ்நாட்டில் ரத்தம் கம்மி, ரத்தம் பத்தலை. யாழ்ப்பாணத்தில் ரத்தம் காணாது. கேட்பவர் உடலில் குருதியின் அளவே குறைந்துவிட்டது என்று எண்ணுகிறார். அதனால் ரத்தம் ஊறுவதற்குப் பீட்ரூட்டும் மாதுளையும் வாங்கிக் கொடுக்கிறார்கள், நிறம் சிவப்பு என்பதால். சோகையில் பெரும்பாலும் குருதியின் அளவு குறைவதில்லை; அதில் ஹீமோகுளோபின் குறைகிறது. கர்ப்பிணிக்கு ஒரு டெசிலிட்டரில் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நெடுங்கால வரையறை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை இருந்தது. இவ்வளவு பரவலான குறைபாட்டில் அளவுக்கும் செறிவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் ஓர் எளிய வாக்கியம் புழங்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் தாங்களாக ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஹெச்பி எட்டுதான் இருக்கு, பதினொண்ணு வேணும்மா என்கிறார்கள். எண் சொல்லின் வேலையைச் செய்கிறது.

எண்ணே இல்லாமல் உவமையால் மட்டும் தங்கிவிட்ட சொல் இரத்தக் கொதிப்பு. 1896இல் ரீவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையோடு கருவி செய்த பிறகும், 1905இல் கொரோட்காஃப் பட்டைக்குக் கீழே கேட்கும் ஒலிகளை விவரித்த பிறகும்தான் குருதியின் அழுத்தம் அன்றாட மருத்துவத்தில் அளக்கும் பொருளானது. அளவு மிகுந்ததைத் தமிழ்ப் பத்திரிகைகள் கொதிப்பு என்றன. சட்டென்று மனத்தில் பதியும் சொல். அதிலேயே கேடும் இருக்கிறது. கொதிப்பு என்றால் சூடு, கோபம், முகம் சிவத்தல். எனக்கு அப்படியெல்லாம் வருவதில்லை, நான் சாந்தமானவன், எனக்கெதற்கு மாத்திரை என்று கேட்கிறார்கள். இந்த நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் தின்கிறது. இரத்த அழுத்தம் என்ற தமிழ்நாட்டுச் சொல்லும் குருதியமுக்கம் என்ற இலங்கைச் சொல்லும் இந்தத் தப்பெண்ணத்தைத் தருவதில்லை. மக்கள் பிரஷர் என்றும் பிபி என்றும் சொல்லத் தொடங்கியது நல்லதே என்று நினைக்கிறேன். அதில் கொதிப்பு இல்லை. மொழிப்பற்றுள்ள சிலருக்கு இது உவப்பாக இராது. மாத்திரையை நிறுத்தி, பக்கவாதம் வந்து படுத்தவர்களை வைத்துத்தான் நான் இதை எடைபோடுகிறேன்.

குருதியை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பாதுகாப்பாக ஏற்றுவது கைகூடியது கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் குருதி வகைகளை வெளியிட்ட பிறகு. இந்தத் துறையின் உலகச் சொற்களில் இந்திய ஊர்ப்பெயர் ஏறியது 1952இல். பம்பாயில் ஒய். எம். பெண்டேயும் உடனாய்வாளர்களும் ஓ வகையோடுகூட ஒத்துப்போகாத ஓர் அரிய வகையைக் கண்டார்கள். இன்றும் அது பம்பாய் வகை. குருதியைச் சேமித்து வைக்கும் இடத்துக்குப் பெயர் வைத்தவர் சிகாகோ குக் கவுண்டி மருத்துவமனையின் பெர்னார்ட் ஃபேன்டஸ். 1937இல் அவர் வைத்த பெயரில் போட்டு எடுக்கும் வங்கியின் உருவகம் இருந்தது. தமிழ் அதை இரத்த வங்கி என்று அப்படியே எடுத்துக்கொண்டது. கொடுப்பதற்குத் தமிழ் தேர்ந்தது வங்கியோடு சேராத சொல்: தானம். கண்தானம், அன்னதானம் வரிசையில் இரத்த தானம் நின்றது. இன்னொரு பக்கம் குருதிக்கொடை. வங்கியில் வட்டி உண்டு, தானத்தில் கைம்மாறு இல்லை. காசுக்குக் குருதி விற்பது நெடுநாள் நடந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டது. அந்த மாற்றத்துக்குத் தமிழ்நாட்டில் மனத்தளவில் வழிவிட்டது தானம் என்ற சொல்லின் பழைய மதிப்பு என்று நான் நம்புகிறேன். 2020இல் இந்திய மருந்து விதிகளில் வங்கி என்ற பெயர் நீக்கப்பட்டு மையம் என்று ஆனது. மருத்துவமனைப் பலகைகளில் இப்போது இரத்த மையம் என்று எழுதுகிறார்கள். ஊர்ப்பேச்சில் இன்னும் பிளட் பேங்க்தான்.

மிக அண்மையில் தமிழர் வாயில் ஏறிய குருதிச் சொல் டெங்கு தந்தது. குருதித் தட்டுகளை 1882இல் பிட்சொசெரோ விவரித்தபோது, தட்டு என்ற பெயரையே வைத்தார். தமிழ்நாட்டில் தட்டணு, இலங்கையில் குருதிச் சிறுதட்டு என்று பாடநூல்கள் எழுதின. பள்ளியோடு மறந்துபோன சொற்கள். 2012இலும் 2017இலும் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது, நிலவேம்புக் குடிநீருக்கு வரிசையில் நின்றவர்களும் பப்பாளி இலையைப் பிழிந்தவர்களும் ஒரே சொல்லைப் பேசினார்கள்: பிளேட்லெட். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அங்கும் அதே சொல்தான். ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும், நாற்பதாயிரத்துக்கு வந்துவிட்டது, நேற்றைவிட இன்று எவ்வளவு என்று எழுத்தறியாத பாட்டியும் கேட்டார். இரு கரைப் பாடநூல்களும் பலபத்தாண்டுகள் வெவ்வேறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை, ஒரு காய்ச்சல் சில மாதங்களில் பொதுச்சொல் ஆக்கிவிட்டது. தட்டணு அதன்பின் நாளிதழ்களில் பிளேட்லெட்டுக்குப் பக்கத்திலேயே அச்சாகத் தொடங்கியது. படிப்பவர்களுக்கு இப்போது இரண்டும் விளங்குகின்றன. ஆனால் பாடமும் பேச்சும் பிரிந்து கிடப்பதன் சுமை மருத்துவ மாணவர்மேல் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சேரும் தமிழ்வழி மாணவர்கள் முதலாண்டில் செங்குழியத்தை ஆங்கிலத்தில் மறுபடி படிக்கிறார்கள். பட்டம் பெற்று மருத்துவமனை வார்டுக்கு வந்ததும் நோயாளியிடம் அதே பொருளை ரத்தம் காணாது என்று சொல்லப் பழகுகிறார்கள். ஒரு மருத்துவரின் ஆறேழு ஆண்டுப் படிப்புக்குள் மூன்று சொல்தொகுதிகள். கிரீனிடம் தமிழில் படித்த மாணவர்கள் ஒரே தொகுதியோடு படித்து, அதே தொகுதியோடு ஊருக்குள் போனார்கள்.